கிட்டாரில் கை வரவில்லையா? கோளாறு எங்கே என்று முதலில் பாருங்கள்

குமரி மாவட்டத்தில் ஒரு வீட்டுக்குள் கிட்டார் நுழைவது பெரும்பாலும் கோயில், அதாவது சர்ச், பாடகர் குழு வழியாகத்தான். டிசம்பரில் வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல் ரவுண்ட்ஸுக்குள் நாலு பாட்டாவது வாசித்துவிட வேண்டும் என்று ஆகஸ்டில் வாங்குவார்கள். அடுத்த ஆகஸ்டில் அது அலமாரிக்கு மேலே கிடக்கும். கேட்டால், "நமக்கெல்லாம் கை வராது" என்று பதில் வரும்.

கை வராது என்று தனியாக ஒரு கோளாறு கிடையாது. கம்பி உயரமாக இருக்கும், கட்டைவிரல் தப்பான இடத்தில் இருக்கும், கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் பிடி) மாற்றும்போது வலது கை நின்றுபோகும். இப்படிக் குறிப்பாகச் சொல்லக்கூடிய காரணங்கள்தான் உண்டு. ஒவ்வொன்றையும் கண்டுபிடிக்க ஒன்றிரண்டு நிமிடச் சோதனை போதும். அதைச் செய்யாமல் "தினமும் ஒரு மணி நேரம் வாசி" என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தப்பாக அழுத்துகிற விரலை ஒரு மணி நேரம் ஓட்டினால், தப்பாக அழுத்துவதுதான் நன்றாகப் பழகும்.

உங்களுக்கு இருக்கிற அறிகுறியைக் கீழே தேடி, சோதனையைச் செய்து பார்த்துவிட்டு, அதற்குரிய பயிற்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வலது கைப் பழக்கமுள்ளவருக்காக எழுதியிருக்கிறேன். மெல்லிய கம்பி ஒன்றாவது, தடித்தது ஆறாவது. கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட், தலைப்பக்கமிருந்து எண்ண வேண்டும்.

"கார்டு சரிதான், ஆனாலும் பாட்டோடு சேரவில்லை"

முதலில் ட்யூனிங். போனில் ஏதாவது ஒரு ட்யூனர் ஆப் போதும். ஆறாவது கம்பியிலிருந்து வரிசையாக ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. ஹெர்ட்ஸில் சொன்னால் சுமார் 82, 110, 147, 196, 247, 330. ஆப் தடுமாறினால் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். சுருதி ஏறிப்போனால் அப்படியே இறக்கி நிறுத்த வேண்டாம். தேவைக்குக் கீழே இறக்கி, கீழிருந்து ஏற்றி நிறுத்துங்கள். இறக்கி நிறுத்திய கம்பி வாசிக்கும்போது இன்னும் கொஞ்சம் நழுவும். புதுக் கம்பி என்றால் முதல் சில நாட்கள் இழுபட்டுக்கொண்டேதான் இருக்கும், அது பழுது அல்ல.

எங்கும் அழுத்தாத வெறும் கம்பிகள் எல்லாம் சரியாக இருந்தும் கார்டு அபஸ்வரமாக வருகிறதா? ட்யூனரைப் பார்த்துக்கொண்டே ஆறாவது கம்பியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். 98 ஹெர்ட்ஸ், அதாவது ஜி, வர வேண்டும். அதற்கு மேலே காட்டினால் அழுத்தத்தைக் குறைத்துப் பாருங்கள். முள் சரியான இடத்துக்கு வந்துவிட்டால் உங்கள் கை கம்பியை நெரிக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு மெல்லப் பிடித்தாலும் சுருதி ஏறியே இருந்தால் கழுத்தின் தலைமாட்டில் கம்பிகள் உட்காரும் வெள்ளைத் துண்டு, நட், உயரமாக இருக்கலாம். பன்னிரண்டாம் ஃப்ரெட்டையும் சோதியுங்கள். அங்கே வெறும் கம்பியின் அதே ஸ்வரம்தான் ஒரு ஸ்தாயி மேலே வர வேண்டும். விலகினால் கம்பியை மாற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் மற்றதை யோசியுங்கள். துருப்பிடித்த பழைய கம்பி இந்தக் குழப்பத்தை நிறையச் செய்யும்.

இன்னொரு காரணம் உங்களிடமே இல்லை. குழுவில் கீபோர்டு வாசிப்பவர் "சி-ல போவோம்" என்பார், ஆனால் ட்ரான்ஸ்போஸ் பொத்தானில் ஒன்றோ இரண்டோ ஏற்றி வைத்திருப்பார். அவர் விரல் சி-யில் இருக்கும், ஒலி வேறெங்கோ இருக்கும். "அண்ணா, ட்ரான்ஸ்போஸ் எத்தனையில இருக்கு?" என்று கேட்டுவிடுங்கள். ஒன்று ஏற்றியிருந்தால் முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கிளிப்), இரண்டு என்றால் இரண்டாம் ஃப்ரெட்டில். தீர்ந்தது.

"விரல் நுனி வலிக்கிறது"

இதில் இரண்டு வகை. இடது கை விரல் நுனியில் எரிச்சல், கம்பித் தடம், தோல் தடித்து உரிவது எல்லாம் சாதாரணம். தினமும் வாசித்தால் மூன்று நான்கு வாரத்தில் நுனி காய்த்துவிடும். குளித்தவுடனே, துணி துவைத்தவுடனே வாசிக்காதீர்கள், ஊறிய தோல் சீக்கிரம் கிழியும். ஆனால் மணிக்கட்டிலோ கட்டைவிரல் அடியிலோ வலித்தால், விரல் மரத்துப்போனால், உடனே நிறுத்த வேண்டும். அது பொறுத்துக்கொண்டு தாண்ட வேண்டிய வலி அல்ல. நிறுத்தியும் சில நாளில் தீராவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

நுனி வலி ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை என்றால் கிட்டாரைச் சந்தேகப்படுங்கள். விலை குறைந்த கிட்டார்களில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே உயரம் அதிகம் இருக்கும், இதைத்தான் ஆக்‌ஷன் என்கிறார்கள். அளக்க ஸ்கேல் தேவையில்லை, ஏடிஎம் கார்டு போதும். ஒரு கார்டின் தடிமன் 0.76 மி.மீ. எழுத்துப் புடைப்பு இல்லாத தட்டையான கார்டுகளை அடுக்கி, பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல், ஆறாவது கம்பிக்கு அடியில் செருகிப் பாருங்கள். மூன்று கார்டு நுழைந்து நாலாவது கம்பியைத் தூக்கினால் நல்ல நிலைமை. நாலும் தாராளமாக உள்ளே போய் ஆடினால் 3 மி.மீட்டருக்கு மேல் இருக்கிறது, தொடக்கக்காரருக்கு அது தண்டனை. கம்பியின் மறுமுனையில், பிரிட்ஜ் என்ற மரக்கட்டையில் இருக்கும் வெள்ளைத் துண்டுக்குச் சாடில் என்று பெயர். அதன் அடிப்பக்கத்தைத் தேய்த்து உயரத்தைக் குறைப்பார்கள். சாடிலில் 1 மி.மீ. குறைத்தால் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அரை மி.மீ. குறையும். தேய்த்ததை ஒட்ட முடியாது, அதனால் பழகியவர் கையில் கொடுங்கள்.

அதுவரைக்கும் ஒரு வழி இருக்கிறது. எல்லாக் கம்பியையும் அரை ஸ்வரம் இறக்கிவிட்டு, முதல் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டுங்கள். சுருதி பழையபடியே இருக்கும், ஆனால் கம்பியின் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறைந்துவிடும், நட் உயரத்தின் தொல்லையும் போய்விடும். கம்பி மாற்றும்போது 12 அளவுக்குப் பதில் 10 அளவு செட் என்று கேட்டு வாங்குங்கள். அந்த எண் முதல் கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று கணக்கு.

நைலான் கம்பிக் கிட்டார் வைத்திருப்பவர்கள் சத்தம் போதவில்லை என்று அதில் இரும்புக் கம்பி மாட்டிவிடாதீர்கள். இரும்புக் கம்பியின் இழுவிசை அதைவிட மிக அதிகம், பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும்.

கிட்டாரில் குறையில்லை என்றால் மிச்சம் இருப்பது அழுத்தம். ஒரு ஸ்வரத்தைப் பிடித்து மீட்டிக்கொண்டே விரலை மெல்லத் தளர்த்துங்கள். ஒரு கட்டத்தில் கம்பி இரையும். அதிலிருந்து ஒரு துளி மட்டும் கூட்டுங்கள், தெளிவாகிவிடும். தேவையான அழுத்தம் அவ்வளவுதான். முதல் தடவை செய்கிறவர்கள் "இவ்வளவு போதுமா!" என்று ஆச்சரியப்படுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தக்கலைப் பக்கம் ஒரு பெரியவர் இதை ஒரே கேள்வியில் முடித்துவிடுவார்: "மக்கா, நீ கம்பியப் பிடிக்கியா, கழுத்த நெரிக்கியா?"

"கர்ர்ர் என்று இரைகிறது"

எங்கே இரைகிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

கார்டு பிடிக்கும்போது மட்டும், அதுவும் ஒரு விரல் இருக்கும் கம்பி மட்டும் இரைந்தால், விரல் ஃப்ரெட் கட்டத்தின் நடுவில் அல்லது பின்பக்கம் இருக்கிறது. ஃப்ரெட் கம்பியை ஒட்டி, அதற்குச் சற்றே முன்னால் நகர்த்துங்கள். ஏ கார்டு போல மூன்று விரல் ஒரே கட்டத்தில் நெருக்கும் இடங்களில் எல்லா விரலும் ஒட்டி நிற்க முடியாது, முடிந்தவரை போதும்.

வெறும் கம்பி மட்டும் இரைகிறது, முதல் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டினால் நின்றுவிடுகிறது என்றால் நட்டின் பள்ளம் தேய்ந்திருக்கிறது. ஒரே கம்பி ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் இரைந்தால், அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கும். எல்லாக் கம்பியும் முதல் நாலைந்து ஃப்ரெட்டில் இரைந்தால் கழுத்தின் வளைவைப் பாருங்கள். ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் பதினாலாம் ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவே ஏழாம் ஃப்ரெட்டுக்கு மேல் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் கழுத்து பின்பக்கம் வளைந்திருக்கிறது. கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை, டிரஸ் ராடை, சரிசெய்ய வேண்டும். வீடியோ பார்த்து அதைத் திருகுகிறவர்கள் உண்டு. தெரிந்தவர்களே ஒரு தடவைக்கு கால் சுற்றுக்கு மேல் திருக மாட்டார்கள்.

சில சமயம் கிட்டாரில் எதுவுமே இருக்காது. சட்டைப் பொத்தான் பலகையில் உரசும், சுருதி ஏற்றும் கீயின் திருகு தளர்ந்திருக்கும், வெட்டாமல் விட்ட கம்பி முனை ஆடும், இல்லையென்றால் பக்கத்து அலமாரியில் இருக்கும் எவர்சில்வர் தட்டு ஒத்து ஊதும். வேறு அறையில் போய் வாசித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

"சி கார்டில் இரண்டு கம்பி ஊமையாக இருக்கிறது"

ஒரே வீச்சில் மீட்டாமல் ஒவ்வொரு கம்பியாக மீட்டுங்கள். சி-யில் பெரும்பாலும் ஊமையாவது மூன்றாவது கம்பியும் முதல் கம்பியும். இரண்டுமே வெறுமனே ஒலிக்க வேண்டியவை, பக்கத்து விரலின் வயிறு அவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

முதலில் இடது கை நகத்தைப் பாருங்கள். நகம் இருந்தால் விரல் செங்குத்தாக நிற்காது, படுத்துவிடும். நகம் வெட்டியும் படுத்தால் கட்டைவிரலைக் கவனியுங்கள். கழுத்தை உள்ளங்கையோடு சேர்த்துப் பிடித்தால் விரல் வளைய இடமே இருக்காது. உள்ளங்கைக்கும் கழுத்துக்கும் நடுவே சிறு இடைவெளி வேண்டும். அதுவும் சரியாக இருந்தால் உட்காரும் விதம். விரலைப் பார்ப்பதற்காகக் கிட்டாரை மல்லாக்கச் சாய்த்து வைத்துக்கொண்டால் மணிக்கட்டு ஒடிந்து நிற்கும். கிட்டார் நேராக நிற்கட்டும், தலைப்பக்கம் கொஞ்சம் மேலே போகட்டும். எட்டிப் பார்க்க வேண்டும் என்றால் நீங்கள் எட்டிப் பாருங்கள்.

"கார்டு மாற்றுவதற்குள் பாட்டு போய்விடுகிறது"

எல்லோரும் விழும் குழி இது. பலர் விரல்களை மொத்தமாக எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் தேடி வைக்கிறார்கள். எந்த விரல் நகரவே தேவையில்லை என்று முதலில் பாருங்கள். சி-யிலிருந்து ஏ மைனருக்குப் போகும்போது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கும். மோதிர விரல் மட்டும் ஐந்தாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட்டை விட்டு, மூன்றாம் கம்பி இரண்டாம் ஃப்ரெட்டுக்கு வரும். ஜி-யை நாலு விரலில் பிடிக்கிறவர்களுக்கு இரண்டாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட்டில் மோதிர விரல் இருக்கும். டி-க்குப் போகும்போது அதை எடுக்காமல் மற்றதை மட்டும் மாற்றலாம்.

பயிற்சி இப்படி. இரண்டே கார்டு. போனில் ஒரு நிமிடம் அலாரம் வையுங்கள். அதற்குள் எத்தனை தடவை மாற்ற முடிகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒலி சுத்தமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இது விரலுக்கு வழி காட்டும் வேலை. அப்புறம் அதே இரண்டு கார்டை மிக மெதுவாக, ஒவ்வொரு கம்பியும் தெளிவாகக் கேட்கும்படி மாற்றுங்கள். வேகமும் சுத்தமும் தனித்தனியாகப் பழகினால்தான் பிறகு சேரும். ஒரு நாளைக்கு ஒரு ஜோடி போதும். பத்து கார்டு கொண்ட அட்டவணையைச் சுவரில் ஒட்டுகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு மாற்றமும் கைவசம் ஆவதில்லை.

இன்னொன்று, தேர்ந்தவர்களின் விரல் தாளத்தின் கடைசி அடிக்கு முன்பே கார்டை விட்டுக் கிளம்பிவிடும். அந்தக் கடைசி வீச்சில் வெறும் கம்பிகள்தான் ஒலிக்கும், கேட்பவருக்குத் தெரியாது. கடைசி அடிவரை கார்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

"எஃப் வரவே மாட்டேன் என்கிறது"

முதல் மாதத்திலேயே எஃப் பிடிக்கச் சொல்லும் ஆசிரியர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. முழு எஃப்-ல் ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் மூட வேண்டும், அதுவும் அழுத்துவதற்குக் கம்பி கடினமாக இருக்கும் முதல் ஃப்ரெட்டில்.

சோதனை: அதே வடிவத்தை அப்படியே ஐந்தாம் ஃப்ரெட்டுக்குக் கொண்டுபோங்கள். அங்கே அது ஏ கார்டு. அங்கே தெளிவாக வந்து முதல் ஃப்ரெட்டில் வரவில்லை என்றால் உங்கள் கையில் குறை இல்லை, நட் உயரமாக இருக்கலாம். ஒவ்வொரு கம்பியையும் மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தி, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே பாருங்கள். ஒரு தாள் கனத்துக்கு மேல் இடைவெளி தெரிந்தால் பள்ளத்தை அரத்தால் இறக்க வேண்டும்.

ஐந்தாம் ஃப்ரெட்டிலும் வரவில்லை என்றால் இதைக் கவனியுங்கள். ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் அழுத்த வேண்டியதே இல்லை. ஐந்து, நாலு, மூன்றாம் கம்பிகளை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. ஆறு, இரண்டு, ஒன்று, இந்த மூன்றுக்குத்தான் அது பொறுப்பு. விரலைச் சற்றே கட்டைவிரல் பக்கமாகச் சாய்த்து, எலும்பு இருக்கும் ஓரத்தால் அழுத்துங்கள். கட்டைவிரலால் இடுக்காமல் முழங்கையின் எடையைப் பின்னோக்கி விடுங்கள். ஐந்தாம் ஃப்ரெட்டில் பழகி, ஒவ்வொன்றாக இறங்கி வாருங்கள்.

அதுவரை பாட்டு நிற்கக் கூடாது அல்லவா? கோயில் பாட்டுகள் நிறைய எஃப், பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட்டில்தான் இருக்கும். மூன்றாம் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டுங்கள். டி பிடித்தால் எஃப், ஜி பிடித்தால் பி ஃப்ளாட், சி பிடித்தால் ஈ ஃப்ளாட். இதை ஏமாற்று வேலை என்று சொல்பவரிடம் கேப்போவைக் கண்டுபிடித்ததே இதற்குத்தான் என்று சொல்லுங்கள்.

"தாளம் ஓடிவிடுகிறது"

போனில் ஒரு பாட்டு முழுக்கப் பதிவு செய்து கேளுங்கள். கார்டு மாறும் இடத்தில் மட்டும் தடுக்குகிறதா, பாட்டு முழுக்க மெல்ல மெல்ல வேகம் ஏறுகிறதா?

தடுக்கினால் வலது கை இடது கைக்காகக் காத்திருக்கிறது. இடது உள்ளங்கையைக் கம்பிகள் மேல் படுக்க வைத்து ஊமையாக்கிவிட்டு, வலது கையை மட்டும் மேலும் கீழும் ஆட்டுங்கள். தாளம் தட்டும் ஆப், அதாவது மெட்ரோநோம், நிமிடத்துக்கு 60 தட்டில். கம்பியைத் தொடாத அடியிலும் கை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் கார்டு சேருங்கள். கார்டு விழாவிட்டாலும் வலது கை நிற்கக் கூடாது என்பது மட்டும் விதி. வேகம் ஏறினால் மெட்ரோநோமை இரண்டு அடிக்கு ஒரு தட்டு என்று பாதியாக்குங்கள், ஓட்டம் உடனே பிடிபடும்.

மீட்டும் துண்டு, பிக், கம்பியில் மாட்டுகிறது என்றால் 0.6 மி.மீ. போன்ற மெல்லிய பிக் வாங்குங்கள். விரலுக்கு வெளியே நுனி மட்டும் தெரிந்தால் போதும்.

"வீட்டில் வருகிறது, குழுவில் சேர்ந்தால் வரவில்லை"

வீட்டில் தப்பு வந்ததும் நிறுத்தி, வரியின் தொடக்கத்துக்குப் போய்த் திரும்ப வாசிப்பது வழக்கமாகியிருக்கும். குழுவில் யாரும் உங்களுக்காக நிற்க மாட்டார்கள். அதனால் பயிற்சியையே இரண்டாகப் பிரியுங்கள். தடுக்கும் இரண்டு அடியை மட்டும் எடுத்துச் சுற்றிச் சுற்றி வாசிப்பது ஒன்று. என்ன தப்பு வந்தாலும் நிறுத்தாமல், பாட்டின் பதிவோடு சேர்ந்து கடைசிவரை போவது இன்னொன்று. இரண்டாவதில் ஒரு கார்டு தவறினால் விட்டுவிட்டு அடுத்ததில் ஏறிக்கொள்ளுங்கள். காலையில் இருபது நிமிடம், சாயந்திரம் இருபது நிமிடம், நடுவில் வேறு வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட இது பலன் தரும். எங்கேயாவது மாட்டிக்கொண்டு எரிச்சல் வந்தால் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு ஒரு சாயா குடித்துவிட்டு வாருங்கள்.

"புதுக் கம்பி மாட்டியும் சத்தம் செத்துக் கிடக்கிறது"

நம் மாவட்டத்துக்கென்றே உள்ள தொல்லை இது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு, மேற்கிலும் தெற்கிலும் கடல். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் மாதிரி கரையோர ஊர்களில் உப்புக் காற்றில் கம்பி சீக்கிரம் துருவேறும். குலசேகரம் பக்கம் உப்பு இல்லை, ஆனால் ஈரம் உண்டு. கம்பியில் விரலை ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பாகவோ கறுத்தோ இருந்தால் மாற்ற வேண்டியதுதான். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கத்தோடு துடைத்தால் ஆயுள் நன்றாகக் கூடும். துருவுக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் ஒன்று இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். சுற்றுக் கம்பியின் இடுக்கில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து ஒலியை அடைத்துவிடும்.

ஈரக் காலத்தில் மரம் உப்பி, மேல்பலகை எழும்பி, ஆக்‌ஷனும் ஏறும். மே மாதம் வசதியாக இருந்த கிட்டார் நவம்பரில் முரண்டு பிடித்தால் உங்கள் விரல் பலவீனமாகிவிடவில்லை, ஏடிஎம் கார்டை எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். சுவரில் சாய்த்து வைக்காமல் பைக்குள் வையுங்கள். பழைய செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டு மூன்றை உள்ளே போடுங்கள், ஆனால் அவற்றைச் சிறு பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கும் காரில் மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள், பிரிட்ஜ் ஒட்டிய பசை இளகும்.

நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ பழுது பார்க்கக் கொடுக்கும்போது "சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல், "மூன்றாம் கம்பி, ஐந்தாம் ஃப்ரெட்டில் மட்டும் இரைகிறது", "பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் நாலு ஏடிஎம் கார்டு நுழைகிறது" என்று சொல்லுங்கள். நீங்கள் வழக்கமாக மாட்டும் அளவில் ஒரு புதுக் கம்பி செட்டையும் கையோடு கொண்டுபோங்கள். நட்டையும் சாடிலையும் அந்தக் கம்பியின் தடிமனுக்குத்தான் சரிசெய்ய வேண்டும், கடையில் கிடக்கும் ஏதோ ஒரு செட்டுக்கு அல்ல.